மாதம் முப்பது நிமிஷம்கூடப் பேசாத அம்மாவுக்கு எந்த ரீசார்ஜ்?

கேள்வி இதுதான்: பாம்பன் சின்னப்பாலத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 67. முன்பு கடல்பாசி எடுக்கப் போனவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். கையில் பழைய பட்டன் போன். அவராக யாரையும் கூப்பிடுவது அபூர்வம், மாதம் முப்பது நிமிஷம்கூட வராது. திருப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டால் எடுப்பார், பேங்க் மெசேஜ் வரும், அவ்வளவுதான். இதற்காக 28 நாளுக்கு ஒரு தடவை 199 ரூபாய் போடுவது தண்டமாகத் தெரிகிறது. பழைய மாதிரி பத்து ரூபாய் டாப்அப் போட்டு, பேசினால் பேசின காசு என்று ஓட்ட முடியாதா?

முடியாது. பத்து ரூபாய் டாப்அப் இன்றைக்கும் இருக்கிறது, ஆனால் அது நீங்கள் நினைக்கிற வேலையைச் செய்யாது. அதற்காக இப்போது கட்டுகிற பணத்தை அப்படியே கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். மாதம் 199 என்றுதான் நாம் சொல்கிறோம், ஆனால் அது 28 நாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை இல்லை, பதிமூன்று தடவை போடுகிறீர்கள். ஆகமொத்தம் 2,587 ரூபாய். இதைப் பாதிக்குப் பக்கத்தில் கொண்டுவர வழி இருக்கிறது. முதலில் டாப்அப் ஏன் உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நாளைக்கே வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ‘இருபது ரூபாய் போதும்’ செய்தியை நம்பி அம்மாவின் நம்பரைத் தொலைப்பீர்கள்.

நான் ராமநாதபுரத்தில் பல வருஷம் செல் கடை வைத்திருந்தவன். ‘பத்து ரூபாய்க்கு ஈசி ஏத்துங்க’ என்று காலையில் ஆரம்பித்தால் ராத்திரி ஷட்டரை இறக்கும்வரை அதுவேதான். 2009-இல் டாடா டோகோமோ செகண்டுக்கு ஒரு பைசா என்று வந்ததும் மற்றவர்களும் அந்த வழிக்கே இறங்கி வந்தார்கள். இன்கமிங்குக்கு 2003-க்கு அப்புறம் காசில்லை. அதனால் உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் பத்து ரூபாயை இரண்டு மாதம் வைத்துக்கொண்டு, அவசரத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, நிம்மதியாக இருந்தார்கள். கம்பெனிகளுக்கோ அவர்களால் ஒரு வருமானமும் இல்லை. 2018 கடைசியில் அதற்கு முடிவு கட்டினார்கள். 28 நாளுக்கு 35 ரூபாயாவது போட்டால்தான் சேவை, இல்லாவிட்டால் முதலில் அவுட்கோயிங் போகும், கொஞ்ச நாளில் இன்கமிங்கும் போகும் என்று ஆக்கினார்கள். அந்த 35 படிப்படியாக ஏறி, 2024 ஜூலையில் எல்லாத் தனியார் கம்பெனிகளும் ஒன்றாக விலையைத் தூக்கியபோது உங்கள் 199-க்கு வந்து நின்றது.

அதனால் இன்றைக்கு டாப்அப் என்பது மேல்செலவுக்கான காசு மட்டும்தான். பத்து ரூபாய் போட்டால் 7 ரூபாய் 47 காசு ஏறும். பத்து ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி கழிந்தால் 8.47, அதில் செயலாக்கக் கட்டணம் என்று ஒரு ரூபாய் போனால் 7.47. நூறு ரூபாய்க்கு 81.75. அந்தக் காசுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் பிளானின் நாள் முடிந்துவிட்டால் காசு உள்ளேயே கிடக்கும், கால் போகாது. கடையில் எத்தனையோ பேர் என்னோடு சண்டைக்கு வந்த விஷயம் இது: “பேலன்ஸ் அறுபது ரூபாய் காட்டுதுண்ணே, ஏன் போக மாட்டேங்குது?” பெட்ரோல் டேங்க் நிறைய இருந்தும் வண்டிக்கு எஃப்சி இல்லாத கதைதான்.

இப்போது அந்த இருபது ரூபாய் விஷயம். அதில் பாதி உண்மை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் ஒரு விதி போட்டது. ப்ரீபெய்ட் சிம்மைத் தொடர்ந்து 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். ஆனால் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் துண்டிக்கக் கூடாது. அந்த இருபதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருக்க வேண்டும், மறுபடி இருபது இருந்தால் மறுபடி முப்பது நாள். 2025 ஜனவரியில் இது ஏதோ புதுச் சலுகை மாதிரி ஊரெல்லாம் சுற்றியது. கவனித்துப் பாருங்கள், விதி சொல்வது நம்பர் உங்கள் பெயரில் இருப்பதைப் பற்றி. அந்த நாட்களில் நீங்கள் கூப்பிட்டால் அம்மாவின் போன் அடிக்கும் என்று அதில் இல்லை. மேசை டிராயரில் கிடக்கும் இரண்டாவது சிம்முக்கு இது உதவும். அம்மாவிடம் இருக்கும் ஒரே சிம்மை இதை நம்பி விட முடியாது.

நம்பர் போனால் என்ன, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றலாம். அந்த நம்பர் ஆதாரில், பேங்கில், ரேஷன் கார்டில், மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறவராக இருந்தால் அதிலும் ஏறியிருக்கும். துண்டித்த நம்பரை 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறொருவருக்கு விற்றுவிடுவார்கள். அப்புறம் அம்மாவின் ஓடிபி யாரோ ஒருவர் போனில் போய் விழும். 2018-இல் ஏர்செல் படுத்தபோது இந்தக் கடற்கரை முழுக்க என்ன பாடுபட்டது என்று உங்கள் அம்மாவிடமே கேளுங்கள். நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள முடியாமல் விட்டவர்கள் பேங்க் வாசலில் நாள்கணக்கில் நின்றார்கள்.

ஆக, உங்கள் அம்மா விஷயத்தில் நீங்கள் வாங்குவது பேச்சை இல்லை, நாட்களை. அவர் பேசுகிற முப்பது நிமிஷத்தை எந்தப் பிளானும் தாங்கும். அதனால் எத்தனை ஜிபி, எத்தனை எஸ்எம்எஸ் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, விலையை நாட்களால் வகுத்துப் பாருங்கள். 199-ஐ 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 7 ரூபாய் 11 காசு. இதைவிடக் குறைவாக எது வருகிறதோ அதைத் தேட வேண்டும்.

விலைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் இதுதான் முக்கியம். பாம்பன் தீவில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் சிக்னல் மாறும். ரோட்டோரம் முழுக்கோடு காட்டும் போன், கடலைப் பார்த்த கடைசி வீட்டு அடுப்படியில் ஒற்றைக் கோட்டில் தடுமாறும். மண்டபம் ஊரில் எது நன்றாக எடுக்கிறது என்பது சின்னப்பாலத்துக்குச் சாட்சி ஆகாது. கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் சிக்னல் வரைபடம் போட வேண்டும் என்று டிராய் சொல்லியிருக்கிறது, போட்டும் இருக்கிறார்கள். அதைப் பாருங்கள், ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள். எந்தக் கம்பெனிக்கு மாற நினைக்கிறீர்களோ அந்த சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாயங்காலம் கேட்டு வாங்கி, அம்மாவின் போனிலேயே போட்டு, அவர் படுக்கும் இடத்திலும் அடுப்படியிலும் வைத்துப் பேசிப் பாருங்கள். அவர் போனிலேயே என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பட்டன் போன் 2ஜி மட்டும் பிடிக்கும். உங்கள் போனில் 4ஜி நன்றாக எடுக்கிறது என்றால் அவருடையதிலும் எடுக்கும் என்று பொருளில்லை. சிம் அளவும் வேறாக இருக்கும், சின்ன சிம்மைப் பெரிய பள்ளத்தில் வைக்க ஓர் அட்டை கிடைக்கும், கையோடு வாங்கிப் போங்கள்.

போன் வகையை வைத்தே ஒரு கம்பெனி கழிந்துவிடும். ஜியோவில் 2ஜி கிடையாது. அந்த சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டால் செங்கல்தான். ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் மூன்றும் 2ஜி போனில் ஓடும். ஜியோவுக்குத்தான் போக வேண்டும் என்றால் 4ஜி பட்டன் போன் வாங்க வேண்டும். 2023-இல் 999 ரூபாய்க்கு ஜியோபாரத் என்று ஒன்று விட்டார்கள். அதற்கென்று தனியாக 28 நாளுக்கு 123 ரூபாய் பிளான், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நாளுக்கு 4.39 வருகிறது, விலை மோசமில்லை. ஆனால் அந்தப் பிளான் அந்தப் போனில் மட்டும்தான் செல்லும், அந்தப் போனில் வேறு கம்பெனி சிம் ஓடாது. பொத்தான் இடம் மாறினாலே தடுமாறும் வயதில் இது தேவையா என்று நான் கேட்பேன். என் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, பச்சைப் பொத்தான் எங்கே என்று மூன்று மாதம் பாடம் எடுத்தவன் நான்.

சரி, விலை. 2024 டிசம்பரில் டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. நெட் வேண்டாம் என்கிறவர்களிடம் நெட்டுக்கும் சேர்த்துக் காசு வாங்காதீர்கள், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் ஒன்று எல்லாரும் வைக்க வேண்டும், அதன் நாள் 365 வரை போகலாம் என்றது. அதற்கு முன் இந்த மாதிரி வவுச்சருக்கு 90 நாள்தான் உச்சவரம்பு. உங்கள் அம்மாவை மனதில் வைத்தே எழுதின மாதிரியான விதி. அதன்படி 2025 ஜனவரியில் பிளான்கள் வந்தன. முதலில் கொஞ்சம் கூடுதலாக வைத்து, முணுமுணுப்பு கிளம்பியதும் குறைத்தார்கள். குறைத்த பிறகு ஏர்டெலில் 84 நாளுக்கு 469, முழு வருஷத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. எல்லாவற்றிலும் பேச்சு அளவில்லாமல் உண்டு, நெட் துளியும் கிடையாது.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஏர்டெல் வருஷப் பிளான் நாளுக்கு 5.07, ஜியோவின் 336 நாள் 5.20. நீங்கள் கட்டும் 7.11-ஐ விட இரண்டு ரூபாய் குறைவு. அம்மாவுடையது ஏர்டெல் என்றால் சிம்மை மாற்றாமல், கம்பெனியை மாற்றாமல், ஒரே ரீசார்ஜில் வருஷத்துக்கு 738 ரூபாய் மிச்சம். இந்தப் பிளான்கள் கம்பெனி ஆப்பில் முன்னால் வராது, கீழே எங்கேயோ கிடக்கும். கடைக்காரரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார். ‘வாய்ஸ் ஒன்லி’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதைவிடவும் குறைய வேண்டும் என்றால் பிஎஸ்என்எல். அங்கே 1,198 ரூபாய்க்கு ஒரு வருஷப் பிளான் இருக்கிறது. மாதம் 300 நிமிஷம் பேச்சு, 3 ஜிபி நெட், 30 எஸ்எம்எஸ், இப்படிப் பன்னிரண்டு மாதம். நாளுக்கு 3 ரூபாய் 28 காசு. 300 நிமிஷம் என்பது அவர் கூப்பிடுவதற்கு மட்டும், நீங்கள் கூப்பிட்டு மணிக்கணக்காகப் பேசினாலும் அதில் கழியாது. முப்பது நிமிஷம் பேசுகிறவருக்கு முந்நூறு என்பது பத்து மடங்கு. கணக்குப்படி இதுதான் விடை, வருஷத்துக்கு 1,389 ரூபாய் மிச்சம்.

ஆனால் பிஎஸ்என்எல் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே விலையை ஏற்ற மாட்டார்கள், நாளைச் சுருக்குவார்கள். 35 நாள் கொடுத்த 107 ரூபாய் பிளானின் நாட்களை 2025-இல் குறைத்தார்கள், விலை அப்படியே இருந்தது. அதனால் போன வருஷம் போட்டதையே இந்த வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், நாளைப் பார்த்துப் போடுங்கள். இரண்டாவது சிக்னல். 2025 செப்டம்பரில் நாடு முழுக்க 97,500-க்கும் மேலான 4ஜி டவர்களைத் திறந்துவைத்தார்கள், முன்பைவிட நிலைமை தேறியிருக்கிறது. அதற்காக, சின்னப்பாலத்தில் உங்கள் வீட்டுக்குள் அம்மாவின் 2ஜி போனில் எடுக்கும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். பக்கத்து வீட்டு சிம்மை வாங்கிப் பார்க்கச் சொன்னது முக்கியமாக இதற்குத்தான். அடுப்படியில் எடுக்கிறது என்றால் யோசிக்காமல் மாறுங்கள். எடுக்கவில்லை என்றால் இருக்கிற கம்பெனியிலேயே வாய்ஸ் பிளானுக்குப் போங்கள். தனியாக இருக்கும் வயதானவருக்கு வருஷத்துக்கு 650 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ராத்திரி நெஞ்சு வலித்தால் போன் எடுக்காத நிலைமையை வைக்காதீர்கள்.

மாறுவது என்றால் அதே நம்பரோடு மாறலாம். அம்மாவின் போனிலிருந்தே போர்ட் (PORT) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டுப் பத்து இலக்க நம்பரைப் போட்டு, 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும், அது நாலு நாள்தான் செல்லும். அதோடு புதுக் கம்பெனி கடைக்குப் போக வேண்டும். மாறிய பிறகு 90 நாளுக்கு மறுபடி மாற முடியாது, அதனால்தான் முன்கூட்டியே சோதனை. பழைய சிம்மில் மிச்சமிருக்கும் நாளும் காசும் மாறும்போது போய்விடும். ஆகவே இப்போதைய 28 நாள் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது ஆரம்பியுங்கள். முழுக்க முடியவிட்டால் மெசேஜ் போவதிலும் ஓடிபி வருவதிலும் சிக்கலாகும். சிம் தொலைந்து சமீபத்தில் மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் அந்தக் குறியீடே வரும், 2024 ஜூலை முதல் அப்படி ஒரு விதி.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் பாதி அம்மாக்களின் சிம் மகன் பெயரிலோ, மருமகன் பெயரிலோ, சில சமயம் விற்ற கடைக்காரர் சொந்தக்காரர் பெயரிலோ இருக்கும். யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும்.

வாய்ஸ் பிளான் போட்ட பிறகு மெயின் பேலன்ஸில் அதிகம் காசு வைக்காதீர்கள். பழைய பட்டன் போன்களில் திரையில் திடீரென்று ஒரு விளம்பரம் வந்து நிற்கும், ‘ஓகே’ அமுக்கினால் பாட்டோ ஜாதகமோ சேர்ந்துவிடும். மறு உறுதி கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதற்கும் ஓகே அமுக்குகிற கைதான் அம்மா கை. அப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டால் 155223-க்குக் கூப்பிட்டு நிறுத்தலாம். நெட்டை அடியோடு நிறுத்த 1925. அந்த இருபது ரூபாய் விதிக்காக ஓர் இருபத்தைந்து ரூபாய் மட்டும் உள்ளே கிடந்தால் போதும்.

நம் கடற்கரைக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் சில சமயம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. திரையில் அறியாத பேர் வரும், கால் போகாது. ‘ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு’ என்று கடைக்கு வந்து மறுபடி போட்டுக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். செட்டிங்கில் நெட்வொர்க் தேர்வைத் தானாக என்பதிலிருந்து கையால் என்று மாற்றி, நம் கம்பெனியைத் தேர்ந்து வைத்தால் சரியாகிவிடும். வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். கூடவே கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் போனில் ஏற்றிவையுங்கள். கரையை விட்டு உள்ளே போகப் போக எந்தப் பிளானும் எடுக்காது என்பது அவர்களுக்கே தெரியும்.

கடைசியாக, கடைக்குப் போகும் நாள் பற்றி. பல வருஷம் பாறையில் பாசி எடுத்த கை என்றால் ரேகை தேய்ந்திருக்கும். கருவியில் விரலை வைத்து வைத்து எடுத்து, கடைக்காரர் எரிச்சலாகி, அம்மா கூசிப்போய், ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். ரேகை இல்லாமல், ஆதார் அட்டையையும் ஆளையும் போட்டோ எடுத்து, இன்னொரு நம்பருக்கு ஓடிபி அனுப்பி முடிக்கும் முறையும் இருக்கிறது, அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள். அசல் அட்டையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்த ஓடிபி உங்கள் போனுக்கு வருகிற மாதிரி கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் திருப்பூரில் மிஷின் சத்தத்தில் இருக்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நில்லுங்கள்.